வெளிநாட்டுத் தத்தெடுப்பும் பிறந்த மண்ணின் பண்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விடயம் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. வெளிநாட்டில் குடியேறிய அண்ணனோ அக்காவோ இங்கிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பி வழிமுறை கேட்பது ஒன்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கைக்குழந்தையாக ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இப்போது நடுவயதை எட்டிவிட்ட ஒருவர், தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாக நம் வீட்டுக் கதவைத் தட்டுவது மற்றொன்று. அவர்கள் கேட்பவற்றுக்கும், அவர்களுக்கு உதவ முன்வரும் உள்ளூரவர்கள் கேட்பவற்றுக்கும் இங்கே பதில் தரப்படுகிறது.

இலங்கையிலிருந்து இவ்வளவு பிள்ளைகள் வெளிநாடு போனது எப்படி?

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சுமார் 11,000 குழந்தைகள் இலங்கையிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் நெதர்லாந்துக்குச் சென்றனர். மற்றவர்கள் சுவீடன், ஜேர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பிரித்தானியா முதலிய நாடுகளில் வளர்ந்தனர். அக்காலத்தில் வெளிநாட்டுத் தம்பதியர் சட்டத்தரணிகளையும் இடைத்தரகர்களையும் நேரடியாக நாடி, சில வாரங்கள் இங்கே தங்கி, நீதிமன்றக் கட்டளையைப் பெற்றுக்கொண்டு குழந்தையுடன் விமானம் ஏறக்கூடியதாக இருந்தது.

அந்த எளிமைதான் கேட்டுக்கும் வழி திறந்தது. கர்ப்பிணிப் பெண்களையும் பச்சிளங் குழந்தைகளையும் ஓரிடத்தில் வைத்திருந்து குழந்தைகளை விற்ற இடங்கள் இருந்தன. நீதிமன்றத்தில் பெற்ற தாயாக நடிப்பதற்குக் கூலிக்கு வந்த பெண்களும் இருந்தனர். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று இதை வெளிக்கொணர்ந்தபோது, அப்போதைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன அத்தகைய இடங்கள் இருந்ததை ஒப்புக்கொண்டார். 2020 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி அரசு தன் அதிகாரிகளின் தவறுகளை ஏற்று வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக் குழு இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் பாரதூரமான முறைகேடுகள் இருந்ததாக அறிக்கையிட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தத்தெடுப்பும் களவென்று முடிவுகட்ட வேண்டியதில்லை. உண்மையாகவே வறுமையாலும், மணமாகாமல் தாயானதால் வந்த ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியும் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் பலர். ஆனால் கையில் இருக்கும் கடதாசி உண்மையைச் சொல்கிறது என்று எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள பிற பதில்கள் பெரும்பாலும் இந்த எச்சரிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

இப்போதும் வெளிநாட்டவர் இங்கிருந்து தத்தெடுக்க முடியுமா?

முடியும், ஆனால் பாதை ஒடுங்கிவிட்டது. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் (தத்தெடுப்புக்) கட்டளைச் சட்டம் 1992இல் திருத்தப்பட்ட பின்னர், வெளிநாட்டு விண்ணப்பங்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியாகவே செல்ல வேண்டும். பிள்ளையும் அரச இல்லத்திலோ பதிவுபெற்ற சிறுவர் இல்லத்திலோ இருப்பவராக இருக்க வேண்டும். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்ற மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று. அது 1995 மே 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பிறந்த நாட்டிலேயே பொருத்தமான குடும்பம் கிடைக்குமா என்று பார்த்த பின்னரே வெளிநாட்டை எண்ண வேண்டும் என்பது அதன் அடிப்படை.

மறுபுறத்தில், ஏற்கும் நாடுகளும் கதவை மூடி வருகின்றன. சர்வதேசத் தத்தெடுப்பைப் படிப்படியாக நிறுத்துவதாக நெதர்லாந்து 2024இல் தீர்மானித்தது. அதே வழியில் செல்லும் எண்ணத்தைச் சுவிட்சர்லாந்து 2025 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே விண்ணப்பிக்க நினைப்பவர் தாம் வாழும் நாட்டின் தத்தெடுப்பு அதிகாரசபையிடம் முதலில் விசாரிப்பதே முறை.

கனடாவிலுள்ள என் அக்காவுக்குப் பிள்ளையில்லை. எங்கள் மூன்றாவது பிள்ளையை அவருக்குக் கொடுக்கலாமா? சொந்தத்துக்குள் தானே?

இந்தக் கேள்வி நம்மவர்களிடம் அடிக்கடி வருகிறது. சொந்தத்துக்குள் பிள்ளையைக் கொடுத்து வளர்ப்பது நம் குடும்பங்களில் புதிதல்ல என்பதால், சட்டமும் அதைக் கண்டுகொள்ளாது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஹேக் சமவாயம் உறவினருக்கும் பொருந்தும். அது பிரசாவுரிமையைப் பார்க்காமல் வழமையான வதிவிடத்தைப் பார்க்கிறது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் ரொறன்ரோவில் வாழும் உங்கள் அக்கா, இந்த விடயத்தில் கனடாவில் வசிப்பவராகவே கணிக்கப்படுவார். குடிவரவுக்காகவே செய்யப்பட்டதென்று தோன்றும் தத்தெடுப்பைக் கனடா ஏற்பதில்லை.

எனவே இருபுறத்து அதிகாரிகளிடமும் எழுத்தில் பதில் பெறாமல் ஓரடியும் எடுத்து வைக்காதீர்கள். பெயரை மாற்றிப் பிறப்பைப் பதிந்துவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், அவரோடு பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பொய்யை வாழ்நாள் முழுதும் சுமக்கப்போவது பிள்ளை. சட்டம் இடங்கொடுத்தாலும் ஒன்றை யோசிக்க வேண்டும். சித்தி என்று அழைக்கப்படும் நீங்கள்தான் பெற்றவர் என்பதை அந்தப் பிள்ளை ஒரு கலியாண வீட்டில் யாரோ ஒருவர் வாயிலிருந்து கேட்டுவிடக் கூடாது.

பிறந்த பண்பாட்டை நினைவூட்டினால் பிள்ளை குழம்பிப்போகாதா?

மறைப்பதுதான் குழப்பும். கண்ணாடியில் தெரியும் முகத்துக்கும் வீட்டிலுள்ளவர்களின் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை மூன்று நான்கு வயதிலேயே காண்கிறது. பெரியவர்கள் பேசாதிருந்தால் அது பேசக்கூடாத விடயம் என்று புரிந்துகொள்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை, குடும்பத்துக்கு வெளியே வளரும் பிள்ளையின் இன, சமய, கலாசார, மொழிப் பின்னணிக்கு உரிய கவனம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்றுக்கொண்டது. ஹேக் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பிள்ளையின் பூர்வீகம் பற்றிய தகவல்களைப் பாதுகாத்து வைக்குமாறு அரசுகளைப் பணிக்கிறது.

தத்துப் பிள்ளை என்பதைப் பேசத் தொடங்கும் காலத்திலிருந்தே இயல்பாகச் சொல்லி வரலாம். ஆறு, ஏழு வயதளவில் பிள்ளைக்கு மற்றொரு உண்மை விளங்கத் தொடங்கும்: ஒருவர் என்னை ஏற்றுக்கொண்டார் என்றால், அதற்கு முன் ஒருவர் என்னை விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த வயதில் வரும் மௌனத்தையும் கோபத்தையும் பண்பாட்டு நிகழ்ச்சிகளால் மூடப் பார்ப்பது பயனற்றது. பரதநாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டோம், அம்மாவைப் பற்றி ஏன் இன்னும் கேட்கிறாள் என்று வியக்கும் பெற்றோர் உண்டு. அவள் கேட்டது நடனத்தை அல்லவே.

பத்திரத்தில் “இலங்கைத் தமிழ்” என்று இருக்கிறது. அப்படியானால் எந்தப் பண்பாட்டைக் காட்டுவது?

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தாய் தந்தையரின் இனம் குறிக்கப்படுவது வழமை. பெற்றோர் மணமாகாதவர்களாயின், இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டாலன்றித் தந்தையின் விபரம் வெறுமையாகவே இருக்கும். ஆகவே உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர், அவருடைய இனம், ஒரு முகவரி. நடிக்க வந்த தாயின் விபரமே பதியப்பட்டிருந்தால் அவையும் பொய்.

அவை உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், தமிழ் பேசும் மக்கள் இந்நாட்டில் ஒரே வார்ப்பினர் அல்லர். யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தார், நீர்கொழும்பு மீனவர், தமிழ் பேசும் முஸ்லிம்கள் என ஒவ்வொருவருடைய சமையலும் சடங்கும் பேச்சும் வேறு. நுவரெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவருக்கு யாழ்ப்பாணத்துக் கூழையும் ஒடியலையும் “உன் பாரம்பரியம்” என்று பரிமாறுவது அன்பான தவறு. மலையகத்தவரின் காமன் கூத்தையும் தப்பு என்னும் பறைக் கருவியையும் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொழும்புத் தமிழர் பலருக்கே அவற்றைப் பற்றி அதிகம் தெரியாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

இனம் உறுதியில்லாதபோது என் ஆலோசனை, ஊரிலிருந்தும் நாட்டிலிருந்தும் தொடங்குவதே. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில், சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவுந்தறையில் கோயில்கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. தான் சிங்களவரா தமிழரா என்று தெரியாமல் வந்த ஒருவருக்கு, ஒரே பக்கம் சாயாத வரலாறொன்றைக் காட்ட இதைவிட நல்ல தொடக்கம் கொழும்பில் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளோடு கொழும்புக்கு வருகிறார்கள். எங்கே கூட்டிச் செல்லலாம்?

முதல் இரண்டு நாட்களுக்கு எங்கேயும் வேண்டாம். வெப்பமும் இரைச்சலும், தம்மைப் போன்ற முகங்கள் தெருவெங்கும் நடமாடுவதும் அவர்களுக்குப் பெரிய அனுபவங்கள். கூட்டத்தில் தனித்துத் தெரியாமல் நடப்பதே சிலருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக வாய்க்கிறது. வாய் திறந்தவுடன் அது கலைந்துவிடுகிறது என்பதும் உண்மை. ஓட்டோக்காரர் சிங்களத்தில் பேச, கடைக்காரர் தமிழில் பேச, இரண்டும் விளங்காமல் நிற்பது அவமானமாகத் தோன்றும்.

பிறகு வெள்ளவத்தைச் சந்தைக்குக் கூட்டிப் போய் மரக்கறி வாங்குங்கள். வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்யும்போது பிள்ளைகளையும் தேங்காய் துருவ விடுங்கள். செட்டியார் தெருவின் நகைக்கடைகளையும் கதிரேசன் கோயில்களையும் பார்க்கலாம். ஆடி மாதமானால் அங்கிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் ரதத்தைக் காலி வீதியோரம் நின்று பார்க்கலாம். கருங்கல்லால் எழுந்த பொன்னம்பலவாணேசர் கோயிலும், எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரியோடு வரும் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயமும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. வாசிக்க விரும்புபவருக்கு 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் உண்டு.

பலர் தாம் பிறந்த வைத்தியசாலையைப் பார்க்க விரும்புவார்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலையோ டி சொய்சா மகளிர் வைத்தியசாலையோ பத்திரத்தில் இருந்தால், வாசல்வரை போய் நிற்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை; உள்ளே போகவும் பழைய பதிவேடுகளைப் பற்றிக் கேட்கவும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சிறுவர் இல்லங்களுக்கு அவர்களைச் சுற்றுலாவாக அழைத்துச் செல்லாதீர்கள். அங்கிருக்கும் பிள்ளைகள் காட்சிப் பொருட்கள் அல்லர்.

நாங்கள் எதைக் கேட்கக் கூடாது?

“எந்த ஊர்?” என்பதுதான் நம்மவர் வாயில் முதலில் வரும் கேள்வி. நமக்கு அது உறவு தேடும் கேள்வி. அவருக்கு அது விடையில்லாத கேள்வி. “பாவம்” என்று அவர் முன்னால் பெருமூச்சு விடுவதும், “நல்ல காலம், வெள்ளைக்காரர் எடுத்து வளர்த்திருக்கிறார்கள், நன்றியோடு இருக்க வேண்டும்” என்று புத்தி சொல்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை. நன்றிக் கடனை வாழ்நாளெல்லாம் கேட்டுக் களைத்தவர்கள் அவர்கள். நிறத்தைப் பற்றிய பேச்சு வேண்டவே வேண்டாம்.

தமிழ் கற்பது பயனுள்ளதா? எப்போது தொடங்குவது?

பயனுள்ளது. கொரியாவில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்தவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்று, சில மாதக் குழந்தைகளாகவே பிரிந்து போனவர்களும்கூட, பின்னாளில் கொரிய மொழியின் ஒலிகளைப் பயின்றபோது மற்றவர்களைவிடச் சிறப்பாக உச்சரிக்கத் தேறினார்கள் என்று கண்டது. ஆயினும் இலக்கணத்தோடு தொடங்கும் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை பலருக்கு ஒத்துவருவதில்லை. அங்கே வரும் மற்றப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள். “வாங்கோ”, “சாப்பிட்டீங்களா”, “போதும்” என்ற பேச்சிலிருந்து தொடங்கட்டும். பெற்ற குடும்பம் சிங்களம் பேசுவதாகத் தெரியவந்தால் சிங்களம் கற்கச் சொல்ல வேண்டியது நம் கடமை. அவரை நம் பக்கம் இழுக்கும் ஆசை இவ்விடத்தில் எழக் கூடாது.

பெற்ற தாயைத் தேட உதவி கேட்கிறார். எங்கே தொடங்குவது?

பத்திரங்களிலிருந்து. பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை, தாயின் சம்மதத்தைச் சொல்லும் சத்தியக்கடதாசி, நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை, குழந்தையின் கடவுச்சீட்டு ஆகியவற்றில் எவை இருக்கின்றன என்று பாருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல், திகதிகள், கையொப்பங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறப்புப் பதிவின் பிரதியைப் பதிவு இலக்கத்தைக் கொண்டு பிரதேச செயலகத்தில் கேட்கலாம். மகவேற்புப் பதிவேடு பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது. கட்டளை கொழும்பில் பிறப்பிக்கப்பட்டதாயின் வழக்கேட்டைப் புதுக்கடை நீதிமன்றங்களில் தேட வேண்டும்; அதற்கு ஒரு சட்டத்தரணியின் உதவி நல்லது. விண்ணப்பங்கள் யாவும் தத்துக் கொடுக்கப்பட்டவரின் பெயரிலேயே, அவருடைய கையொப்பத்தோடு போகட்டும்.

முகவரி கிடைத்ததும் வாகனத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. அந்தப் பெண் பின்னர் மணமுடித்து, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லாமல் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கலாம். வெளிநாட்டவர் ஒருவர் ஊருக்குள் வந்து கிராம அலுவலரிடமும் கடைவாசலிலும் அவர் பெயரைக் கேட்டால், மாலைக்குள் ஊர் முழுதும் கதை பரவிவிடும். வயதில் மூத்த, வாயடக்கமுள்ள பெண்ணொருவர் தனியே சென்று, வேறொரு காரணம் சொல்லிப் பேச்சைத் தொடங்கி, தாய் தனித்திருக்கும்போது மட்டும் விடயத்தைச் சொல்வதே சரியான வழி. முகநூலில் பெயரையும் படத்தையும் இடுவதை இயன்றவரை தடுங்கள்.

சந்திப்புக்கு முன்னரோ, குறைந்தது ஒருவரையொருவர் அம்மா, மகள் என்று அழைக்கத் தொடங்கு முன்னரோ மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி வற்புறுத்துங்கள். கேட்பதற்குக் கடினமான விடயந்தான். ஆயினும் பத்திரத்திலிருந்த பெண் நடிக்க வந்தவர் என்று பல மாதங்கள் கழித்து அறிய நேர்ந்தால், அந்த வேதனை இருபக்கமும் பெரியது.

தாய் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்று இருக்கிறது. தோட்டத்தில் அவரை யாருக்கும் தெரியவில்லையே?

அவர் இந்தியாவில் இருக்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழரில் பெருந்தொகையானோர், 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்களுடைய குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. 1977, 1983 வன்செயல்களின் பின் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் சென்று குடியேறியவர்களும் உண்டு. தோட்டத்தின் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பட்டியல்) பதிவுகள், அருகிலுள்ள தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, லயத்தில் வாழும் மூத்தவர்களின் நினைவு ஆகியவற்றை நாடுங்கள். தோட்டங்களின் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு: ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. பத்திரத்திலுள்ள பெயரைச் சொல்லி “அப்படியொரு தோட்டமே இல்லை” என்ற பதில் வந்தால் மனந்தளர வேண்டாம்.

சந்திப்பில் நான் மொழிபெயர்க்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

சொன்னதைச் சொல்லுங்கள். தாய் “எனக்குக் காசு தந்தார்கள்” என்று சொன்னால், மகளின் மனம் நோகுமென்று அதை விட்டுவிட உங்களுக்கு உரிமையில்லை, “என்னை ஏன் தேடவில்லை?” என்று மகள் கோபத்தோடு கேட்டால் அதைப் பணிவான கேள்வியாக்கவும் கூடாது. வழக்கங்களை விளக்க வேண்டியிருந்தால், இது நான் சொல்வது என்று வேறுபடுத்திச் சொல்லுங்கள். உதாரணமாக, தாய் கட்டியணைக்காமல் தலையைத் தடவிவிட்டு, உடனே தேநீர் போட எழுந்து போவது அன்பின்மை அல்லவென்று ஐரோப்பாவில் வளர்ந்தவருக்கு யாராவது சொல்ல வேண்டும். உறவினர் பலர் கூடியிருக்கும் வீட்டில் முதற் சந்திப்பை வைக்காதீர்கள்.

குடும்பத்தார் பணம் கேட்டால்?

கேட்கக்கூடும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை வீட்டுக்குச் செய்வது நம் சமூகத்தில் இயல்பான எதிர்பார்ப்பு. அதில் எப்போதும் வஞ்சகம் இருக்குமென்று நினைக்கத் தேவையில்லை. ஆனால் வந்தவருக்கு அது தன்னை மீண்டும் விலைபேசுவதாகப் படலாம். எவ்வளவு, எதற்கு, எத்தனை காலத்துக்கு என்பதை அவர் பயணத்துக்கு முன்பே தம் குடும்பத்தோடு பேசி முடிவெடுத்திருக்கட்டும். தேடித் தந்ததற்காகத் தொகை கேட்கும் இடைத்தரகர் வேறு விடயம். பரிசோதனை முடிவு வரும்வரை அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

பிள்ளைக்கு இதிலெல்லாம் விருப்பமே இல்லை. வற்புறுத்தலாமா?

வேண்டாம். பதின்ம வயதில் வெறுத்தவர் முப்பதில் தேடி வருவதும், ஆர்வத்தோடு இருந்தவர் பின்னர் விலகுவதும் உண்டு. பெற்றோர் செய்யக்கூடியது பத்திரங்களைப் பத்திரமாக வைத்திருப்பது, கேட்கும்போது உண்மையைச் சொல்வது.

தாய் சந்திக்க மறுத்துவிட்டால்?

அந்த மறுப்பு மதிக்கப்பட வேண்டும். இடையிற் சென்றவர் மீண்டும் மீண்டும் போய் நெருக்கக் கூடாது. ஆனால் புறப்படுமுன் சிலவற்றைக் கேட்கலாம்: குடும்பத்தில் நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் உண்டா, பிறந்த நேரம் நினைவிருக்கிறதா, தந்தையின் பெயர் என்ன, பெயரில்லாமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சம்மதமா. வந்தவர் எழுதிய கடிதத்தைத் தமிழில் வாசிக்கக்கூடியதாகவும், ஒரு தொலைபேசி இலக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு வரலாம். அந்த இலக்கம் கொழும்பிலுள்ள ஒருவருடையதாக இருப்பது நல்லது. வெளிநாட்டு இலக்கத்தை அவர் வீட்டில் வைத்திருப்பதே அவருக்குச் சிக்கலாகலாம். கடிதத்தை அவர் வாங்க மறுத்தால், வீட்டில் வேறு எவரிடமும் அதைக் கொடுக்காமல் திருப்பி எடுத்து வாருங்கள்.